பாட்டனார் பெட்டியில் ஒரு ஜெர்மன் துப்பாக்கி!
விலை மதிப்பற்ற பொருளா, வெறும் இரும்பா? முத்திரைகள் சொல்லும் ரகசியம்

அமெரிக்காவில் ஒரு சிற்றூர். பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். இரண்டாவது உலக யுத்தத்தில் ஐரோப்பாவுக்குச் சென்று போரிட்டுத் திரும்பியவர் அவர். அடக்கம் முடிந்த சில நாட்களுக்குப் பிறகு, பரணில் கிடந்த பழைய பெட்டியைப் பேரன் திறக்கிறான்.

சில கடிதங்கள். ஒரு ராணுவத் தொப்பி. அவற்றுக்கு அடியில் கறுத்துப் போன ஒரு தோல் உறை. உறைக்குள் ஒரு கைத்துப்பாக்கி!

பேரனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு ஜெர்மன் தளபதியிடமிருந்து பறித்தது" என்று தாத்தா சொன்னது அவனுக்கு நினைவு வருகிறது. விற்றால் பெரும் பணம் கிடைக்கும் என்று எண்ணுகிறான். ஆனால் துப்பாக்கி மங்கிக் கிடக்கிறது. அங்கங்கே துரு வேறு. இப்படியே கொண்டுபோனால் யார் மதிப்பார்கள்? உப்புத்தாளும் எண்ணெய்த் துணியும் எடுத்துக்கொண்டு உட்காருகிறான். ஒரு மணி நேரத்தில் துப்பாக்கி வெள்ளிபோல் பளபளக்கிறது.

பாவம், பேரனுக்குத் தெரியாது. துருவோடு சேர்த்துத் துப்பாக்கியின் விலையையும் அவன் தேய்த்துத் தள்ளிவிட்டான்!

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடந்த கதை அல்ல. பழைய ஆயுதங்களை மதிப்பிடும் நிபுணர்கள் திரும்பத் திரும்பக் காணும் காட்சி இது. தேய்த்தால் ஏன் விலை குறைகிறது? எதை வைத்து விலை சொல்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்தத் துப்பாக்கியின் ஜாதகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

முழங்கால் துப்பாக்கி

யுத்தம் முடிந்து சிப்பாய்கள் வீட்டுக்குக் கொண்டு வந்த ஜெர்மன் கைத்துப்பாக்கிகளில் மிகவும் பேர் பெற்றது "லூகர்". ஜெர்மன் ராணுவம் இதற்கு வைத்த பெயர் "பி 08". 1908-ம் ஆண்டில் ராணுவம் ஏற்றுக்கொண்டதால் அந்தப் பெயர்.

இதன் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஹூகோ போர்ச்சார்ட் என்ற பொறியியல் நிபுணர் 1893-ல் தானாகவே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஒரு கைத்துப்பாக்கியைச் செய்தார். நன்றாகத்தான் சுட்டது. ஆனால் பெரிதாகவும் பிடிப்பதற்கு அசௌகரியமாகவும் இருந்தது. அதைக் கைக்கு அடக்கமாக மாற்றி அமைத்தவர் ஜார்ஜ் லூகர். ஆஸ்திரியாவில் டைரோல் மலைப் பிரதேசத்தில் 1849-ல் பிறந்தவர்.

லூகரின் துப்பாக்கியை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒடிசலான குழல், பின்பக்கம் சாய்ந்த கைப்பிடி, மேலே இரண்டு வட்டக் குமிழ்கள். சுட்டவுடன் அந்தக் குமிழ்கள் உள்ள இணைப்பு, நாம் முழங்காலை மடக்குவதுபோல் மேல்நோக்கி மடங்கும். காலியான தோட்டாக் கூடு வெளியே தெறிக்கும். உடனே முழங்கால் நீளும். அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள்!

முதன் முதலில் இதை ராணுவத்துக்கு வாங்கிய தேசம் ஜெர்மனி அல்ல, சுவிட்சர்லாந்து! 1900-ம் ஆண்டில் அது வாங்கியது. ஜெர்மன் கடற்படை 1904-லும், தரைப்படை 1908-லும் ஏற்றுக்கொண்டன.

ஜெர்மன் கடற்படை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எம்டன் கப்பல். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசிவிட்டு மறைந்த அதே எம்டன்! சாமர்த்தியசாலியை "சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? அந்தக் கப்பல் வந்த காலத்தில் ஜெர்மன் கடற்படையின் கைத்துப்பாக்கி லூகர்தான். கடற்படை ரகத்துக்குக் குழல் சற்று நீளம்: 150 மில்லிமீட்டர். தரைப்படை ரகத்துக்கு 100. பீரங்கிப் படையினருக்கென்று செய்த ரகத்துக்கோ 200 மில்லிமீட்டர். ஆகவே குழலை அளந்து பார்ப்பதே துப்பாக்கியை அடையாளம் காணுவதில் முதல் பாடம்.

சாதாரணமான தரைப்படை ரகம்தான் ஏராளமாகச் செய்யப்பட்டது. மற்ற இரண்டும் குறைவு. குறைவாக இருப்பதற்கு விலை கூடுதல் என்பது எந்தச் சந்தையிலும் உள்ள நியதிதானே!

உயிர் முதலில், விலை பிறகு

விலை பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"எத்தனையோ வருஷம் பெட்டியில் கிடந்தது, இனி என்ன செய்துவிடும்?" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. உலர்ந்த பெட்டியில் கிடந்த தோட்டா, பல பத்து ஆண்டுகள் கழித்தும் வெடிக்கக் கூடியது. கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டியில் எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும். அதை உருவி எடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும் தவறு! குழலின் பின்புறத்து அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம்.

லூகர் இதற்கும் ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. அறையில் தோட்டா இருந்தால், மேலே உள்ள ஒரு சிறு இரும்புத் துண்டு சற்றே தூக்கி நிற்கும். ராணுவ ரகங்களில் அதன் பக்கவாட்டில் "கெலாடன்" என்ற ஜெர்மன் சொல் தெரியும். "தோட்டா ஏற்றப்பட்டிருக்கிறது" என்று பொருள். இடது பக்கத்தில் பூட்டு நெம்புகோலின் அருகே "கெசிஷர்ட்" என்று இருக்கும். "பூட்டப்பட்டிருக்கிறது" என்று அர்த்தம். ஜெர்மன் தெரியாதவர்கள் இவற்றைக் கம்பெனியின் பெயர் என்று எண்ணிக்கொள்வது உண்டு. துப்பாக்கியில் பழக்கமில்லாதவர்கள் இந்தச் சோதனையை விஷயம் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

42 என்றால் 1942 அல்ல!

ஆபத்து நீங்கியது. இனி உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுக்கலாம்.

துப்பாக்கியின் மேற்புறத்தில், முழங்கால் இணைப்பின் முன்பகுதியில், செய்தவர் யார் என்பது பொறிக்கப்பட்டிருக்கும். மூன்று எழுத்துகள் கொடிபோல் பின்னிக் கிடந்தால், அது பெர்லினில் இருந்த டி.டபிள்யூ.எம். என்ற பெரிய ஆயுதக் கம்பெனியின் அடையாளம். ஒரு கிரீடமும் அதன் கீழே "எர்பர்ட்" என்ற ஊர்ப் பெயரும் இருந்தால், ஜெர்மன் சக்கரவர்த்தியின் காலத்தில் எர்பர்ட் நகரின் அரசாங்க ஆயுதசாலையில் செய்தது.

இதற்குச் சற்று முன்னால், தோட்டா அறையின் மேல், செய்த வருஷம் இருக்கும். 1914, 1917 என்று தெளிவாகத் தெரியும்.

ஆனால் பலர் ஏமாறுகிற இடமும் இதுதான். சில துப்பாக்கிகளில் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "42" என்று மட்டும் காணப்படும். "1942-ல் செய்தது" என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அது வருஷமே அல்ல! மவுசர் தொழிற்சாலைக்கு ஜெர்மன் ராணுவம் கொடுத்திருந்த ரகசிய எண் அது.

ரகசியம் எதற்காக? முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனி, வெர்சேல்ஸ் உடன்படிக்கைப்படி ஒரு லட்சம் பேருக்கு மேல் ராணுவம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆயுத உற்பத்திக்கும் கடுமையான கட்டுப்பாடு. ஹிட்லர் பதவிக்கு வந்ததும் திரைமறைவில் ஆயுதம் செய்யத் தொடங்கினார்கள். மவுசர் என்று பொறிப்பதற்குப் பதிலாக "எஸ் 42" என்று பொறித்தார்கள். வருஷத்தையும் மறைத்தார்கள். 1934-க்கு "கே" என்ற எழுத்து. 1935-க்கு "ஜி" என்ற எழுத்து. 1936-லிருந்து மூடி மறைப்பது போய் வருஷத்தையே பொறித்தார்கள். பிற்பாடு "எஸ் 42" என்பது "42" ஆயிற்று. அதன் பிறகு "பிஒய்எப்" என்ற மூன்று எழுத்துகள் ஆயின. மூன்றும் ஒரே மவுசர்தான்!

மவுசர் தொழிற்சாலை 1942-ல் லூகர் செய்வதை ராணுவத்துக்கு நிறுத்திக்கொண்டது. லூகரில் ஒவ்வொரு பாகத்தையும் கடைந்து, செதுக்கி, பொருத்த வேண்டும். நேரமும் கூலியும் அதிகம். யுத்த அவசரத்துக்கு அது கட்டுபடியாகவில்லை. அதன் இடத்தில் "பி 38" என்ற வால்தர் துப்பாக்கி வந்துவிட்டது.

இரண்டு வருஷங்கள் ஏன்?

சில லூகர்களில் ஒன்றல்ல, இரண்டு வருஷங்கள் இருக்கும். 1915 என்பதற்கு மேலே 1920! இது எப்படி?

முதல் யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனியில் எங்கு பார்த்தாலும் ஆயுதம். வேலையில்லாத சிப்பாய்கள் துப்பாக்கியை விற்றுச் சாப்பிட்டார்கள். பொது ஜனங்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்யச் சர்க்கார் 1920-ல் சட்டம் போட்டது. ராணுவத்துக்குச் சொந்தமானது எது, வெளியில் திரிவது எது என்று பிரித்து அறிய வேண்டாமா? சர்க்கார் துப்பாக்கிகளில் 1920 என்று முத்திரை போட்டார்கள். ஆகவே இரண்டாவது வருஷம் பிறந்த வருஷம் அல்ல, கணக்கெடுத்த வருஷம்.

இவ்வாறு ஒரு சாண் நீளமுள்ள இரும்பில் ஒரு தேசத்தின் சரித்திரமே எழுதப்பட்டிருக்கிறது. சோதனை முத்திரைகளில் கிரீடம் இருந்தால் சக்கரவர்த்தி காலம். கிரீடம் போய்க் கழுகு வந்தால் குடியரசு காலமும் அதன் பிறகும். அந்தக் கழுகின் காலடியில் ஸ்வஸ்திகம் இருந்தால் ஹிட்லர் காலம்.

ஸ்வஸ்திகத்தைக் கண்டதும், "ஹிட்லரின் நெருங்கிய ஆள் வைத்திருந்தது" என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்பதற்குப் போடுகிற சாதாரண முத்திரை அது. நம் ஊர் எடைக்கல்லில் சர்க்கார் முத்திரை இருக்கிறதே, அது மாதிரி!

ஒரு குடும்பத்தின் பெயர்

முத்திரைகளில் மனத்தை உருக்கும் ஒன்றும் உண்டு. அது "சிம்சன், சூல்" என்பது.

சூல், மத்திய ஜெர்மனியில் ஆயுதத் தொழிலுக்குப் பேர் போன ஊர். சிம்சன் என்பது அங்கிருந்த ஒரு யூதக் குடும்பத்தின் கம்பெனி. ஒரு லட்சம் பேர் கொண்ட அந்தச் சிறிய ராணுவத்துக்கு லூகர் கொடுக்கும் உரிமை 1920-களில் இந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது. ஜெர்மன் சிப்பாயின் இடுப்பில் யூதக் குடும்பத்தின் பெயர் பொறித்த துப்பாக்கி தொங்கியது!

ஹிட்லரின் ஆட்சி வந்தது. 1930-களின் நடுவில் தொழிற்சாலையை நாஜிகள் பறித்துக்கொண்டார்கள். குடும்பத்தினர் நாட்டை விட்டுத் தப்பி ஓடினார்கள். ராணுவத்துக்கு ஆயுதம் கொடுத்தவர்களுக்கே அந்தக் கதி! ஆனால் இரும்பில் பொறித்த பெயரை அழிக்க முடியவில்லை. சிம்சன் துப்பாக்கிகள் எண்ணிக்கையில் குறைவு. இன்று சேகரிப்பவர்கள் அவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அதே சூல் நகரில் கிரிகோப் கம்பெனி ஜெர்மன் விமானப் படைக்காகச் செய்த லூகர்களும் அபூர்வமானவை. ஒப்பந்தமே பத்தாயிரம் துப்பாக்கிகளுக்குத்தான்.

உப்புத்தாள் தேய்த்த பேரனின் துப்பாக்கியில் இப்படி ஒரு பெயர் இருந்திருந்தால்?

ஒரே குடும்பமா, கலப்புக் குடும்பமா?

யார் செய்தது, எப்போது செய்தது என்பது தெரிந்துவிட்டது. இனிதான் விலையை ஏற்றுவதும் இறக்குவதும்.

லூகரின் பாகங்களைத் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று கையால் பொருத்தினார்கள். ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் சரியாகப் பொருந்தாது. ஆகவே துப்பாக்கியின் வரிசை எண்ணை முக்கியமான பாகங்களில் பொறித்தார்கள். விசை, பூட்டு, சிறு தகடு போன்ற சிறிய பாகங்களில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பொறித்தார்கள்.

இதைப் பார்த்தும் ஏமாறுகிறவர்கள் உண்டு. "என் துப்பாக்கியின் எண் வெறும் 37, முதலில் செய்த நூறில் ஒன்று!" என்று துள்ளிக் குதிக்கிறார்கள். அது 4637-ன் வால் என்பது பிறகு தெரிகிறது. முழு எண் தெரிந்தாலும் போதாது. பத்தாயிரம் வரை எண் போட்ட பின், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, கூடவே ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். எண், எழுத்து, வருஷம், செய்தவர் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கிக்கு முழு விலாசம்.

எல்லாப் பாகங்களிலும் எண் ஒத்திருந்தால், பிறந்தபடியே இருக்கும் துப்பாக்கி என்று பொருள். நல்ல விலை. தோட்டாப் பெட்டியின் எண்ணும் ஒத்துப்போனால் இன்னும் விசேஷம். ஏனென்றால் யுத்த களத்தில் முதலில் தொலைவது அதுதான். எண்கள் மாறியிருந்தால் விலை பாதியாக விழுந்துவிடுவதும் உண்டு.

எண்கள் எப்படி மாறுகின்றன? படை முகாமில் பத்துத் துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்து மாட்டும்போது மாறும். உடைந்த பாகத்துக்கு வேறு பாகம் போட்டால் மாறும். சோவியத் படைகள் கைப்பற்றிய லூகர்களைப் பிற்காலத்தில் மொத்தமாகக் கழற்றி, புதுப் பூச்சுக் கொடுத்து, கைக்கு வந்த பாகங்களை மாட்டிக் கிடங்கில் அடுக்கினார்கள். பக்கவாட்டில் பெருக்கல் குறிபோல் ஓர் அடையாளம் இருந்தால், அது அந்தக் கிடங்குச் சரக்கு. அவற்றின் விலை குறைவு.

அடுத்தது பூச்சு. துப்பாக்கியின் இரும்புக்குத் தொழிற்சாலையில் கருநீல மெருகு கொடுத்திருப்பார்கள். பழைய லூகர்களில் விசை முதலிய சில சிறு பாகங்கள் மட்டும் வைக்கோல் நிறத்தில் இருக்கும். இரும்பைச் சூடாக்கி வரவழைத்த நிறம் அது. 1937-க்குப் பிறகு மவுசர் இந்த அழகு வேலையைக் கைவிட்டது. சிறு பாகங்களும் நீலமாயின.

உறையில் செருகிச் செருகி எடுத்ததால் குழலின் நுனியில் மெருகு தேய்ந்திருக்கலாம். அதனால் நஷ்டம் பெரிதல்ல. அது வயதின் அடையாளம். ஆனால் உப்புத்தாள் போட்டால் முத்திரைகளின் விளிம்பு மழுங்கிவிடுகிறது. கூர்மையான முனைகள் உருண்டுவிடுகின்றன. பிறகு என்ன புதுப் பூச்சுக் கொடுத்தாலும் நிபுணர் கண்ணை ஏமாற்ற முடியாது. சேகரிப்பவர்கள் அழகுக்காகப் பணம் கொடுப்பதில்லை, சாட்சிக்காகக் கொடுக்கிறார்கள். முத்திரை போனால் சாட்சி போயிற்று!

பத்து லட்சம் டாலர்!

லூகருக்குக் கிடைத்த பெரிய விலை எவ்வளவு?

1907-ல் அமெரிக்க ராணுவம் புதிய கைத்துப்பாக்கி தேடியது. பெரிய தோட்டா வேண்டும் என்று கேட்டது. ஜார்ஜ் லூகர் பாயின்ட் 45 ரகத்தில் லூகரைச் செய்து பரிசோதனைக்குக் கொடுத்தார். கடைசியில் போட்டியில் வென்றது கோல்ட் துப்பாக்கி. லூகர் கொடுத்த பெரிய ரகங்களில், இரண்டாம் எண் பொறித்த ஒன்று தப்பிப் பிழைத்தது. 1989-ல் அது பத்து லட்சம் டாலருக்கு விலை போயிற்று! "பத்து லட்சம் டாலர் லூகர்" என்ற பட்டமும் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அதே துப்பாக்கி 2010-ல் ஏலத்துக்கு வந்தது. அப்போது கிடைத்தது 4,94,500 டாலர். ஏறக்குறைய பாதி! துப்பாக்கி மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. வாங்க வந்தவர்கள் மாறிவிட்டார்கள். பழம் பொருளின் விலை அது கைமாறும் நாளில்தான் நிச்சயமாகிறது.

சாதாரண ரகத்தை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். லூகர்கள் இருபது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. அபூர்வம் அல்லாத ஒன்றை அபூர்வமாக்க, போலி முத்திரை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மண்டை ஓட்டு முத்திரையை நேற்று அடித்துவிட்டு, "ஹிட்லரின் கறுப்புச் சட்டைப் படை வைத்திருந்தது" என்று விற்கிறார்கள். கைப்பிடி கறுப்பாக உள்ள யுத்த காலத்து மவுசர் ரகத்துக்கு "கருங் கைம்பெண்" என்று ஒரு பெயர். எந்த ஜெர்மன் சிப்பாயும் அப்படிச் சொன்னதில்லை. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க வியாபார உலகில் பிறந்த பெயர் அது!

"பழம் பொருள்" என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கிதான் பழம் பொருள். லூகர் நூறு வயதைக் கடந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே. அதை வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் உள்ள விதிகளை விசாரிக்காமல் கைமாற்றினால் சிறைக்கும் போக நேரிடலாம்.

கடிதத்தை எறியாதீர்கள்

பாட்டனார் சொன்ன கதைக்கு விலை உண்டா? வெறும் வாய்ச் சொல்லுக்கு இல்லை. ஆனால் எழுத்துக்கு உண்டு.

யுத்தம் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய், கைப்பற்றிய ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டு போக மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சீட்டு கிடைத்து, அதில் துப்பாக்கியின் எண்ணும் இருந்தால், கதை சரித்திரமாகிவிடுகிறது. விலையும் ஏறுகிறது. தோல் உறை, உறைக்குள் வைத்திருக்கும் சிறு திருகு கருவி, இரண்டாவது தோட்டாப் பெட்டி எல்லாமே சேர்ந்து மதிப்பைக் கூட்டும். பேரன்கள் குப்பை என்று முதலில் எறிவதோ கடிதங்களைத்தான்!

இத்தனை முத்திரைகள் இருந்தும் ஒன்று மட்டும் எந்த லூகரிலும் பொறிக்கப்படவில்லை. அதைக் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கிய, அல்லது அதன் பக்கத்தில் விழுந்து கிடந்த, ஜெர்மன் இளைஞனின் பெயர்தான் அது. அவனைப் பற்றிப் பாட்டனார் ஒரு வரி எழுதி வைத்திருந்தால், அது அந்தப் பழைய கடிதங்களில்தான் இருக்கும்.

ஆகவே, பெட்டியைத் திறக்கிற பேரன் முதலில் தோட்டாவைக் கவனிக்கட்டும். பிறகு உப்புத்தாளைத் தூரப் போடட்டும். கண்ணாடியை எடுத்து முத்திரைகளைப் படிக்கட்டும். படித்து முடித்ததும், துப்பாக்கியைப் பத்திரமாக வைத்துவிட்டு, அந்தக் கடிதங்களைப் பிரிக்கட்டும்!